புளியங்கொட்டையால் அளக்கலாம்: எந்த நிச்சயமின்மைக்குத் துணிகிறோம், எதற்குப் பின்வாங்குகிறோம்?

எங்கள் சித்தப்பா அம்பாசமுத்திரம் பக்கத்தில் வாழை போடுகிறவர். ஏத்தன் கொஞ்சம், நாடன் கொஞ்சம். குலை தள்ளி நிற்கிற நேரத்தில் சித்திரை, வைகாசிச் சூறைக்காற்று ஒரு மணி நேரம் அடித்தால் போதும், பத்து மாத உழைப்பு தரையில் கிடக்கும். அப்படிக் கிடந்ததை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். விழுந்ததை வெட்டி ஒதுக்கிவிட்டு அடுத்த வாரமே கன்று விலை விசாரிக்கப் போய்விடுவார். ஊரில் அவருக்குத் துணிச்சல்காரர் என்று பெயர்.

அதே மனிதரிடம் பயிர்க் காப்பீடு என்று பேச்செடுத்தால் முகம் மாறிவிடும். வாழை மாதிரித் தோட்டப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் விவசாயி கட்டுவது அதிகபட்சம் 5 சதவீதம். முட்டுக் கம்புக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவு செய்கிறவர், இந்தப் பணத்தைக் கட்ட மூன்று நாள் யோசிப்பார். "ஏல, காத்தக்கூட நம்பிரலாம். இவங்கள நம்பி எப்படி?" என்பார்.

இவர் துணிந்தவரா, பயந்தவரா? கேள்வியே தப்பு. காற்றுக்கு ஒரு சித்தப்பா, காகிதத்துக்கு வேறொரு சித்தப்பா. நிச்சயமின்மை எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே ஆளின் மனசு மாறுகிறது. கோடையில் தாமிரபரணி மணலில் ஊற்று தோண்டுகிறோம். ஒரே ஆறுதான், பத்தடி தள்ளித் தோண்டினால் தண்ணீரின் ருசி வேறு. நிச்சயமின்மைக்கும் அப்படி ஊற்றுகள் உண்டு. எந்த ஊற்றுக்கு நம் மனசு எப்படி என்பதை எண்ணிக்கையாகவே அளந்துவிடலாம். வீட்டில் செய்கிற மாதிரி அதைக் கீழே சொல்கிறேன். தேவை 100 புளியங்கொட்டை, ஒரு மஞ்சள் பை, ஒரு நோட்டு, பொறுமையாகப் பதில் சொல்ல ஓர் ஆள்.

அதற்கு முன்னால் கொஞ்சம் கதை

1961இல் டேனியல் எல்ஸ்பர்க் என்ற அமெரிக்கர் ஒரு புதிர் போட்டார் (வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை 1971இல் வெளியே விட்டாரே, அவரேதான்). ஒரு பானையில் 50 சிவப்புப் பந்து, 50 கறுப்புப் பந்து. இன்னொரு பானையிலும் 100 பந்துதான், ஆனால் எது எத்தனை என்று தெரியாது. சிவப்பு எடுத்தால் பரிசு என்றால் எந்தப் பானை? பெரும்பாலும் முதல் பானையையே கேட்பார்கள். சரி, கறுப்பு எடுத்தால் பரிசு என்றால்? அப்போதும் முதல் பானைதான். யோசித்துப் பாருங்கள். இரண்டாவது பானையில் சிவப்பு குறைவு என்று நினைத்தால், கறுப்பு கூடுதலாக இருக்க வேண்டுமே! இது எண்ணிக்கை பற்றிய கணிப்பு அல்ல. அந்தப் பானையே பிடிக்கவில்லை.

தெரியாததைக் கண்டால் மனுஷனுக்கு ஆகாது என்று அதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் 1991இல் ஹீத், ட்வெர்ஸ்கி இருவரும் வேறொன்றைக் காட்டினார்கள். கால்பந்து, அரசியல் என்று தனக்கு விவரம் தெரிந்ததாக ஒருவர் நினைக்கிற விஷயத்தில், எண்ணிக்கை தெரிந்த பானையை விட்டுவிட்டுத் தன் கணிப்பின்மேல் பந்தயம் கட்டவே அவர் விரும்புகிறார், இரண்டுக்கும் வாய்ப்பு ஒன்றே என்றாலும்கூட. சித்தப்பாவின் வாழைத் தோட்டம் எனக்குப் புரிந்தது அங்கேதான். பின்னர் 2011இல் பிரான்சில் ஒரு குழு, அந்நாட்டுப் பங்குச் சந்தைக் குறியீடு, பாரிஸ் வெப்பநிலை, தொலைவிலுள்ள ஒரு வெளிநாட்டு நகரத்தின் வெப்பநிலை மூன்றையும் ஒரே ஆட்களிடம் கேட்டு அளந்தது. ஊற்று மாறினால் அதே ஆளின் துணிவும் மாறியது. நான் கீழே சொல்கிற ஆறு கேள்வி முறை 2018இல் பையோன், வாக்கர் குழுவினர் வெளியிட்டது. புளியங்கொட்டை மட்டும் என் சேர்க்கை.

படி 1: ஊற்றுகளைப் பிரித்தெடுங்கள்

இதில்தான் பலரும் சறுக்குவார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். "இந்த வருஷம் கார் நெல்லுக்குத் தண்ணி வருமா?" என்பது ஒரு கேள்வி மாதிரித் தெரியும். உள்ளே இரண்டு ஊற்று இருக்கிறது. மலையில் மழை பெய்து, 143 அடி பாபநாசம் அணையில் எவ்வளவு நிற்கும் என்பது ஒன்று. ஜூன் தொடக்கத்தில் கால்வாய்களுக்குத் திறக்க உத்தரவு வருமா, எந்தெந்தக் கால்வாய்க்கு என்பது இன்னொன்று. முதலாவது மேகத்தின் கையில், இரண்டாவது மனிதர்களின் கையில். கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர் ஒருவர் முதலாவதுக்கு அசராமல் இருப்பார், இரண்டாவதுக்குத் தூக்கம் கெடுவார். மானாவாரிக் குளத்தை நம்பியிருக்கிற நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக்காரருக்கு மேகத்தோடு மட்டுமே கணக்கு.

வாழை விலையும் அப்படித்தான். ஓணத்துக்குக் கேரளாவிலிருந்து ஏத்தனுக்கு வருகிற கிராக்கி ஓர் ஊற்று, உள்ளூர் கமிஷன் கடையில் அன்றைக்கு எத்தனை லோடு இறங்குகிறது என்பது வேறு ஊற்று. எந்த இயக்கத்திலிருந்து அந்தச் சந்தேகம் பிறக்கிறதோ, அதன் பெயரை நோட்டில் எழுதுங்கள். முதல் தடவைக்கு இரண்டு போதும்: உங்களுக்குக் கைவந்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று. நான் சித்தப்பாவுக்கு எடுத்துக்கொண்டது நாளைய மழையும் காப்பீட்டுப் பணமும்.

படி 2: ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்குங்கள்

ஒன்று நடந்தால் மற்ற இரண்டும் நடக்காது, மூன்றில் ஒன்று கட்டாயம் நடக்கும் என்றபடி வெட்ட வேண்டும். எல்லை தெளிவாக இருக்கட்டும். "நல்ல மழை" என்று எழுதினால் மறுநாள் சண்டைதான். வானிலைத் துறை மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கெடுக்கிறது, 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதை மழை நாள் என்கிறது, 15.5 வரை லேசான மழை. ஐப்பசியில் ஒரு நாளுக்கு நான் வெட்டியது இப்படி:

அ: 2.5 மி.மீ.க்குக் குறைவு.
ஆ: 2.5 முதல் 15.5 வரை.
இ: அதற்கு மேல்.

காப்பீட்டுக்கு: பயிர் போனால், அ: பணம் ஒன்றும் வராது, ஆ: காப்பீட்டுத் தொகையில் பாதிக்குள் வரும், இ: பாதியோ மேலோ வரும்.

படி 3: கொட்டைப் பை

100 புளியங்கொட்டை எண்ணிக்கொள்ளுங்கள். தாயம் ஆடுவதற்கு உரசுகிற மாதிரி தரையில் உரசிக் கொஞ்சம் வெள்ளைக் கொட்டை தயார் செய்யுங்கள். இங்கே நான் ஒரு கோமாளித்தனம் செய்தேன். கண்ணை மூடிக் கையை விட்டு எடுங்கள் என்று சித்தப்பாவிடம் பையை நீட்டினேன். தொடர்ந்து ஐந்து முறை வெள்ளையாகவே எடுத்தார். உரசின பக்கம் சொரசொரப்பாக, தட்டையாக இருக்கும், விரலுக்குத் தெரியாதா? அப்புறம் குழிக் கரண்டியால் ஒன்றை மட்டும் அள்ளச் சொன்னேன். நீங்கள் முதலிலேயே கரண்டியைக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: ஆறு கேள்விகள்

கேள்வியின் வடிவம் எப்போதும் ஒன்றுதான். "நாளைக்கு 2.5க்குக் குறைவாகப் பெய்தால் 1000 ரூபாய் உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்தப் பையிலிருந்து வெள்ளைக் கொட்டை வந்தால் 1000 ரூபாய். எதை எடுப்பீர்கள்?" பையில் 50 வெள்ளையில் தொடங்குங்கள். பை வேண்டும் என்றால் வெள்ளையைக் குறையுங்கள், மழை வேண்டும் என்றால் கூட்டுங்கள். "எதானாலும் சரி" என்று வாய் தானாகச் சொல்கிற எண்ணில் நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

இதை ஆறு முறை கேட்க வேண்டும். அ தனியாக, ஆ தனியாக, இ தனியாக. பிறகு ஜோடிகள்: அ அல்லது ஆ நடந்தால் பரிசு, ஆ அல்லது இ, அ அல்லது இ.

ஆள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தால், 1000 ரூபாயை விட்டுவிட்டு ஒரு தட்டு வடைக்கு நிஜமாகவே ஆடிப் பாருங்கள். ஆறில் ஒரு கேள்வியைக் குலுக்கி எடுங்கள். 1 முதல் 100 வரை எழுதின துண்டுச் சீட்டிலிருந்தும் ஒன்றை எடுங்கள். சீட்டில் வந்த எண் அவர் சொன்ன எண்ணைவிடப் பெரியது என்றால், அத்தனை வெள்ளை போட்ட பையில் ஆட்டம். இல்லையென்றால் மழையின்மேல் ஆட்டம். கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் நஷ்டம் அவருக்கே. ஆகவே உள்ளதைச் சொல்வார்.

படி 5: கணக்கு

மழைக்குச் சித்தப்பா சொன்னது: அ 40, ஆ 30, இ 23. ஜோடிகளுக்கு: அ-ஆ 70, ஆ-இ 55, அ-இ 67.

காப்பீட்டுக்கு: அ 45, ஆ 15, இ 9. ஜோடிகளுக்கு: அ-ஆ 55, ஆ-இ 22, அ-இ 49.

முதல் கணக்கு, ஒவ்வொரு துண்டையும் அதற்கு எதிரான ஜோடியோடு கூட்டுவது. மழைக்கு 40ம் 55ம் 95. 30ம் 67ம் 97. 23ம் 70ம் 93. நியாயமாக ஒவ்வொன்றும் 100 வர வேண்டும், ஏனென்றால் இரண்டில் ஒன்று நடந்தே தீரும். சராசரி 95. காணாமல் போனது 5 கொட்டை. காப்பீட்டுக்கு 67, 64, 64. சராசரி 65. காணாமல் போனது 35.

இரண்டாவது கணக்கு, ஜோடிகளின் சராசரியிலிருந்து தனித் துண்டுகளின் சராசரியைக் கழிப்பது. ஒழுங்கான கணிப்பில் தனித் துண்டு மூன்றும் கூடி 100, ஜோடி மூன்றும் கூடி 200. ஆகவே சராசரிகளின் வித்தியாசம் 33க்குப் பக்கத்தில் வர வேண்டும். மழைக்கு 64 கழித்தல் 31, சரியாக 33. காப்பீட்டுக்கு 42 கழித்தல் 23, வெறும் 19.

படி 6: எண்களை வாசிப்பது

காணாமல் போன கொட்டைதான் அந்த ஊற்றின்மேல் உள்ள வெறுப்பு. இதில் அழகு என்னவென்றால், எது நடக்கும் என்று அவர் நம்புகிறார் என்பது இதில் கலக்காது. துண்டும் எதிர் ஜோடியும் சேர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடுவதால் நம்பிக்கை கழிந்துபோய், மனப்போக்கு மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் மழையின் நிகழ்தகவோ காப்பீட்டின் நிகழ்தகவோ யாருக்கும் தெரியாமலே அளக்க முடிகிறது.

சித்தப்பாவின் 45ஐ மறுபடி பாருங்கள். "பணம் வராது, வரவே வராது" என்று தெருவெல்லாம் சொல்கிறவர். வராது என்பதன்மேல் பந்தயம் கட்டச் சொன்னால் 90 அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கேட்டேவிட்டேன். "வராதுன்னு நீங்கதான சித்தப்பா சொன்னீங்க? அப்ப வராதுங்கிறதுக்கே கட்டலாமே?"

கரண்டியைக் கீழே வைத்தார். "ஏல, வராதுன்னு அடிச்சுச் சொல்லவும் நான் யாரு? அது எங்க முடிவாகுது, யாரு முடிவு பண்ணுதான்னே தெரியலையே. மழைன்னா மேக்க பாத்தா ஒரு அளவு தெரியும். இத எங்க போய் பாக்க?"

வருகிறது பக்கமும் வேண்டாம், வராது பக்கமும் வேண்டாம். எல்ஸ்பர்க்கின் இரண்டாவது பானை அப்படியே எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

33க்குப் பதில் 19 வந்தது வேறு சங்கதி. அது வெறுப்பு அல்ல, மங்கல். அந்த ஊற்றுக்குள் எது அதிகம், எது குறைவு என்று மனசால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் நடுவில் குவிகிறது. இந்த மங்கல் இருக்கிறவர் அரிதானதற்குத் தேவைக்கு மேல் விலை கொடுப்பார், கிட்டத்தட்ட நிச்சயமானதற்குக் குறைத்துக் கொடுப்பார். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்த பிறகும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் இறங்கிக் கேரளச் சீட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த விரல்களில் கொஞ்சம் இது உண்டு.

இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். மங்கலுக்கு விவரம் தெரிந்தால் போதும். வெறுப்பு விவரத்துக்கு மட்டும் அடங்காது.

படி 7: எங்கே கெட்டுப்போகும்

இரண்டு ஊற்றையும் ஒரே உட்காரலில் கேட்காதீர்கள். 1995இல் ஃபாக்ஸ், ட்வெர்ஸ்கி செய்த சோதனைகளில் ஒன்று இது. கலிபோர்னியா மாணவர்களிடம் சான்பிரான்சிஸ்கோ வெப்பநிலையையும் இஸ்தான்புல் வெப்பநிலையையும் சேர்த்துக் கேட்டபோது இஸ்தான்புல் பந்தயத்துக்கு அவர்கள் கொடுக்க முன்வந்த விலை இறங்கியது. தனித்தனி ஆட்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டபோது அந்த வித்தியாசம் அநேகமாக மறைந்துவிட்டது. தெரிந்தது பக்கத்தில் இருந்தால்தான் தெரியாதது உறுத்துகிறது. ஆகவே ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பாலிசி விற்க வருகிறவர் "உங்க தோட்டத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாததா" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு வியாபாரம் நடக்காது என்பதும் இதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு குழி, காணாமல் போன கொட்டை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் அந்த ஊற்று நமக்கு அத்துப்படி என்று நினைத்துவிடுவது. கொட்டை அளப்பது மனசை மட்டும்தான், ஆற்றை அல்ல. 2023 டிசம்பர் 17 அன்று எங்கள் தெருவில் பெரியவர்கள் சொன்னது, "92 வெள்ளத்துலயே வராத தண்ணி இப்ப வரவா போகுது?" ஆற்றோடு வளர்ந்தவர்கள், அதனால் ஆற்றின்மேல் தயக்கமே இல்லை. வானிலைத் துறையின் அளவுகோலில் மிகக் கடைசி வகுப்பு, அதிகனமழை, 204.5 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது சுமார் 95 சென்டிமீட்டர், அதாவது அந்த எல்லையைப்போல் நாலரை மடங்கு. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் தண்ணீருக்கு நடுவில் நின்றது, பயணிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பழகின ஊற்று என்பதால் துணிகிறோமா, விவரம் தெரிந்து துணிகிறோமா என்பதைக் கொட்டை சொல்லாது. அதை நீங்களாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழக்கத்தின் இழுப்பு பெரிய இடங்களிலும் இருக்கிறது. 1991இல் பிரெஞ்ச், பொட்டர்பா இருவரும் கணக்கெடுத்தபோது, அமெரிக்க முதலீட்டாளர்கள் பங்குகளில் போட்ட பணத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சொந்த நாட்டிலேயே இருந்தது. எங்கள் அம்மா தெருச் சீட்டில் மட்டும் போடுவதும் அதே ஜாதி. கேட்டால், "சீட்டுப் புடிக்கிறவ வீடு எனக்குத் தெரியும்" என்பாள்.

படி 8: அளந்த பிறகு

மங்கல் அதிகமானால் அந்த ஊற்றின் உள்ளே போய்ப் பாருங்கள். சித்தப்பாவோடு உட்கார்ந்து காப்பீடு எப்படி முடிவாகிறது என்று படித்தோம். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு பெரும்பாலும் தனித் தோட்டத்தைப் பார்த்து வருவதில்லை. அறிவித்த பகுதி முழுதுக்கும் பயிர் அறுவடைச் சோதனை நடத்திச் சராசரி மகசூலை எடுக்கிறார்கள். அது உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால்தான் பணம். ஒரு வருஷம் அவர் தோட்டத்தில் மட்டும் காற்று புகுந்து, பக்கத்து ஊர்கள் தப்பித்தன. அவருக்குப் பைசா வரவில்லை. அதை இத்தனை நாளாக ஏமாற்று என்றே நினைத்துக்கொண்டிருந்தார். குறை இருக்கிறதுதான். ஆனால் அந்தக் குறைக்கு ஒரு விதி இருக்கிறது, அதைக் கணக்குப் போடலாம். "அப்ப எனக்கு மட்டும் வுழுந்தா வராது, எல்லாருக்கும் வுழுந்தா வரும்" என்று இரண்டு விரலை மடக்கினார்.

வானிலை அறிக்கைக்கும் இதையே செய்யலாம். "ஓரிரு இடங்களில் கனமழை" என்பதில் ஓரிரு இடம் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை என்று அர்த்தம். உங்கள் ஊரில் பெய்யவில்லை என்றால் அறிக்கை பொய்த்துவிட்டது என்று ஆகாது.

வெறுப்பு அதிகமானால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது எவ்வளவு விலை பிடுங்குகிறது என்று மட்டும் பாருங்கள். சித்தப்பாவின் 35 கொட்டை என்றால், 100 ரூபாய் பெறுமானமுள்ள பாதுகாப்பை அவர் 65க்கு மேல் மதிக்க மாட்டார் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அதைத் தெரிந்துகொண்டே அவர் வேண்டாம் என்றால் அவர் இஷ்டம். தெரியாமல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

விதியைப் படித்து ஒரு மாதம் கழித்து மறுபடி ஆறு கேள்வி கேட்டேன். 19 என்றிருந்தது 29 ஆனது. காணாமல் போன கொட்டை 35லிருந்து 28க்குத்தான் இறங்கியது. பாதித் தோட்டத்துக்குக் கட்டலாம் என்றார்.

நாங்கள் திண்ணையில் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்த சித்தி, என்னையும் கேளு என்று உட்கார்ந்தாள். அவளுக்குக் கைவந்த ஊற்று தங்கம். வெள்ளிக்கிழமைக்குள் கிராம் விலை ஏறுமா என்று கேட்டேன். ஏறும் என்பதற்கு 60 கொட்டை சொன்னாள். ஏறாது என்பதற்குக் கேட்டபோது கொஞ்சமும் யோசிக்காமல் 50 என்றாள்.

சித்தப்பா நோட்டை வாங்கி இரண்டையும் கூட்டினார். திரும்பவும் கூட்டினார். "ஏல, எனக்குத்தான் கொட்ட காணாமப் போகுது. இவளுக்குப் பத்து கூடுதலா எங்கருந்துல வருது?"